லார்சன் – ஸ்பாஸ்கி, பெல்கிரேட் 1970: 17 மூவில் முடிந்த ஆட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த செஸ் ஆட்டத்தை யாருக்காவது போர்டில் வைத்துக் காட்டினால் போதும், 10-வது மூவைத் தாண்டுவதற்குள் கேள்விகள் ஆரம்பமாகிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். கட்டங்களின் வரிசைகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எழுதியிருக்கிறேன். எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் மூவ். காய்களின் பெயர்கள் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய். ராணிக்கும் ராஜாவுக்கும் பக்கத்தில் நின்று மூலைவாட்டில் ஓடுகிற காய்தான் இங்கே மந்திரி.

எந்த ஆட்டம் இது? யார் யார் ஆடினாங்க?

1970 மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் சோவியத் யூனியனுக்கும் உலகத்தின் மற்ற நாடுகள் சேர்ந்த அணிக்கும் ஒரு போட்டி நடந்தது. 10 போர்டு (அணிக்குப் பத்துப் பேர், முதல் போர்டில் அணியின் முதன்மை ஆட்டக்காரர்), 4 சுற்று. முதல் போர்டில் சோவியத் தரப்பில் போரிஸ் ஸ்பாஸ்கி. முந்தைய ஆண்டுதான் பெட்ரோசியானை வென்று உலக சாம்பியன் ஆகியிருந்தார். எதிரே டென்மார்க்கின் பென்ட் லார்சன்.

முதல் சுற்று டிரா. இரண்டாம் சுற்றில் லார்சனுக்கு வெள்ளை. அந்த ஆட்டம்தான் இது. உலக சாம்பியன் கறுப்பில் ஆடி, 17-வது மூவில் ஜெயித்தார்.

ஃபிஷர் இருக்கும்போது லார்சன் எப்படி முதல் போர்டு?

லார்சன் கேட்டார், அதே உலக அணியில் இருந்த அமெரிக்கர் பாபி ஃபிஷர் விட்டுக்கொடுத்தார். லார்சனின் வாதம் எளிமையானது: கடந்த சில வருடங்களில் போட்டிக்குப் போட்டி ஆடி ஜெயித்தது நான், ஃபிஷர் ஆடவே இல்லை. அது பொய்யில்லை. 1967-இல் சூஸ் இன்டர்சோனலில் (உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டி) முதலிடம் பிடித்தது லார்சன். பாதியில் விலகிப்போனது ஃபிஷர். எதற்கும் வளைந்துகொடுக்காதவர் என்று பெயரெடுத்த ஃபிஷர், இதற்கு மட்டும் சரி என்று இரண்டாம் போர்டில் உட்கார்ந்தது அன்று எல்லோருக்கும் ஆச்சரியம். அங்கே பெட்ரோசியானை 3–1 என்று தட்டினார்.

ஆட்டம் முழுசா ஒரு தடவை சொல்லுங்க, வெச்சுப் பார்க்கணும்.

வெள்ளை முதலில், கோட்டுக்குப் பிறகு கறுப்பு:

1. பி3 – ஈ5
2. மந்திரி பி2 – குதிரை சி6
3. சி4 – குதிரை எஃப்6
4. குதிரை எஃப்3 – ஈ4
5. குதிரை டி4 – மந்திரி சி5
6. குதிரை வெட்டு சி6 – டி சிப்பாய் வெட்டு சி6
7. ஈ3 – மந்திரி எஃப்5
8. ராணி சி2 – ராணி ஈ7
9. மந்திரி ஈ2 – ராணி பக்கம் காஸ்லிங் (ஒரே மூவில் ராஜா சி8, யானை டி8)
10. எஃப்4 – குதிரை ஜி4
11. ஜி3 – எச்5
12. எச்3 – எச்4
13. எச் சிப்பாய் வெட்டு ஜி4 – எச் சிப்பாய் வெட்டு ஜி3
14. யானை ஜி1 – யானை எச்1
15. யானை வெட்டு எச்1 – ஜி2
16. யானை எஃப்1 – ராணி எச்4 செக்
17. ராஜா டி1 – ஜி சிப்பாய் எஃப்1 யானையை வெட்டி ராணியாகி செக். வெள்ளை ஒப்புக்கொண்டது.

1. பி3 எல்லாம் ஒரு ஓபனிங்கா? நடுவுலதானே சிப்பாயைத் தள்ளணும்னு சொல்லிக் கொடுத்தாங்க?

ஓபனிங்தான். நடுக்கட்டங்களில் சிப்பாயை உடனே வைக்காமல், ஓரத்திலிருந்து காய்களால் நடுவைக் குறிபார்க்கிற ஓபனிங்குகளைப் பக்கவாட்டு ஓபனிங் என்கிறார்கள். 1. சி4, 1. குதிரை எஃப்3, 1. பி3, 1. எஃப்4 எல்லாம் அந்தக் குடும்பம். பி3 போட்டு மந்திரியை பி2-வில் வைத்தால் அது டி4, ஈ5 கட்டங்களை நீளமாகப் பார்க்கும். லார்சனுக்கு முந்தைய தலைமுறை மாஸ்டர் நிம்சோவிச் இதே மாதிரி அமைப்பை, முதலில் குதிரையை எஃப்3-இல் வைத்துவிட்டு ஆடியவர். லார்சன் நேரடியாகவே 1. பி3 போட்டு அடிக்கடி ஆடினார். அதனால் நிம்சோவிச்–லார்சன் என்று இரண்டு பேர் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பள்ளியில் சொல்லிக் கொடுத்தது தப்பில்லை. நடுவை எதிராளிக்கு விட்டுக்கொடுத்தால், பிறகு அதை உடைக்கக் காய்கள் தயாராக இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அந்த இரண்டாவது பாதிதான் நடக்கவில்லை.

அப்போ லார்சன் தோத்தது பி3-யாலதானே?

இல்லை. இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு மிக அதிகம் எரிச்சலூட்டும் வாக்கியம் "பி3 போட்டா இப்படித்தான்" என்பது. 3-வது மூவுக்குப் பிறகு போர்டை நிறுத்திப் பாருங்கள்: வெள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. 4-வது மூவில் ஈ3 போட்டிருந்தால் சாதாரண ஆட்டமாகப் போயிருக்கும். லார்சன் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்து, ஈ சிப்பாயை "வா, வந்து என்னை விரட்டு" என்று கூப்பிட்டார். வந்தது, விரட்டியது.

அதே 1970-இல், இந்தத் தோல்விக்குச் சில மாதம் கழித்து, ஃபிஷர் புவெனஸ் ஐரஸில் துக்மக்கோவையும் பால்மாவில் மெக்கிங்கையும் 1. பி3 போட்டே ஜெயித்தார். ஓபனிங் செத்திருந்தால் ஃபிஷர் தொட்டிருப்பாரா?

சரி, பி3 இல்லேன்னா வேற எங்க தப்பு?

ஒரு குதிரையின் கதையைத் தனியாகப் பாருங்கள். ஜி1-இல் நின்ற வெள்ளைக் குதிரை எஃப்3 போனது, டி4 போனது, சி6-ஐ வெட்டி அங்கேயே செத்தது. மூன்று மூவ் ஆடிய காய், ஒரே ஒரு மூவ் ஆடிய கறுப்புக் குதிரையோடு மாற்றிக்கொண்டது. அந்த இடைவெளியில் கறுப்பு சிப்பாயை ஈ4-க்கு முன்னேற்றியது, மந்திரியை சி5-இல் வைத்தது, டி வரிசையையும் திறந்துகொண்டது. எல்லாம் வெள்ளையின் செலவில்.

பிறகு 9-வது மூவ் முடிந்ததும் எண்ணுங்கள். கறுப்பில் ராணி, இரண்டு மந்திரி, குதிரை வெளியே. ராஜா காஸ்லிங் முடித்துப் பாதுகாப்பாக. யானை டி8-இல் திறந்த வரிசையில். வெள்ளையில் பி1 குதிரையும் ஏ1 யானையும் பிறந்த இடத்திலேயே. ஆட்டம் முடியும்வரை அந்த இரண்டும் ஒரு கட்டம்கூட நகரவில்லை. 17 மூவில் தோற்றதற்கு என்னைக் கேட்டால் அந்த இரண்டு காயைத்தான் காட்டுவேன்.

6-ல டி சிப்பாயால வெட்டினது ஏன்? நடுவை நோக்கி வெட்டணும்னுதானே விதி?

பி சிப்பாயால் வெட்டியிருந்தால் அந்த விதிப்படி சரி. ஆனால் விதி எதற்காக என்றும் பார்க்க வேண்டும். டி சிப்பாயால் வெட்டியதும் ஒரே மூவில் இரண்டு கதவு திறந்தன: சி8 மந்திரிக்கு எஃப்5 போக வழி, யானைக்கு டி வரிசை. அந்த வரிசையின் மறுமுனையில் நிற்பது டி2 சிப்பாய். ஈ4-இல் கறுப்புச் சிப்பாய் இருப்பதால் டி2 முன்னேறுவதும் கஷ்டம். அங்கேயே நின்று அடிவாங்க வேண்டியதுதான்.

சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் வந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்த கடைசிப் பகுதியில், வருகிற கவலை. இந்த ஆட்டம் எண்ட்கேம் வரை போகப்போவதில்லை என்று ஸ்பாஸ்கிக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

10-ல எஃப்4 போட்டதும் போகிறபோக்கில் வெட்டியிருக்கலாமே? ஆன் பாஸான் இருக்கே?

வெட்டலாம், சட்டப்படி சரி: இரண்டு கட்டம் தாண்டி எஃப்4-க்கு வந்த சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்தது போல ஈ4 சிப்பாய் எஃப்3-இல் வெட்டலாம். வெட்டினால் வெள்ளை மந்திரி எஃப்3-க்கு வந்து திருப்பி வெட்டும். ஈ2-இல் முடங்கிக் கிடந்த மந்திரிக்குத் திடீரென்று நல்ல இடம் கிடைக்கும், எஃப் வரிசையும் திறக்கும். வெள்ளையை மூச்சுவிடாமல் அழுத்திக்கொண்டிருந்த ஈ4 சிப்பாயும் போய்விடும். லார்சன் எதிர்பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

ஸ்பாஸ்கி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எஃப்4 போட்டதால் வெள்ளை ராஜாவுக்கு முன்னால் ஈ1-லிருந்து எச்4 வரை மூலைவாட்டு வழி திறந்துவிட்டது. குதிரை ஜி4-க்குப் போனால் ராணிக்கு எச்4 திறக்கிறது, ஈ3 சிப்பாய்க்கும் ஆபத்து. எஃப்4-க்குப் பதிலாக பி1 குதிரையை சி3-இல் வைத்திருந்தால் வெள்ளை இன்னும் கஷ்டத்தில்தான் இருந்திருக்கும், ஆனால் ஆட்டம் இருந்திருக்கும்.

12-ல எச்3 போட்டு குதிரையை விரட்டுறாங்க. அது ஓடாம எச்4-னு சிப்பாயைத் தள்ளுறாரு. குதிரை போயிடுமே?

போகட்டும் என்றுதான் தள்ளினார். குதிரை எஃப்6-க்குத் திரும்பினால் வெள்ளைக்கு ஒரு மூவ் இனாம். பி1 குதிரை வெளியே வந்துவிடும். எச்4 தள்ளினால் வெள்ளைக்கு நல்ல பதிலே இல்லை.

ஜி சிப்பாயால் எச்4-ஐ வெட்டினால் கறுப்பு ராணி செக்கோடு எச்4-க்கு வந்து இறங்கும். மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினால், கறுப்பு மந்திரி திருப்பி வெட்டி, எச் சிப்பாய்கள் இரண்டும் ஜி வரிசைக்கு மாறி, யானை ஜி1-க்கு வந்த பிறகு அங்கேயும் எச்1-இல் யானைப் பலி இருக்கிறது. லார்சன் ஆடியபடி சிப்பாயால் குதிரையை வெட்டினால் கறுப்பு ஜி3-ஐ வெட்டுகிறது. இப்போது எச் வரிசையில் இரண்டு யானையும் நேருக்கு நேர்.

அந்த நேரத்துல யானையை யானையால வெட்டிட்டா என்ன? ஏன் ஜி1-க்கு ஓடணும்?

நல்ல கேள்வி, இதை வைத்துப் பார்க்காமல் யாரும் அடுத்ததற்குப் போகக்கூடாது. 14-இல் வெள்ளை எச்8 யானையை வெட்டினால் டி8 யானை திருப்பி வெட்டும். வெள்ளை ஜி4 சிப்பாயால் எஃப்5 மந்திரியை வெட்டட்டும், காய்க்கணக்கில் ரொம்ப முன்னால் போய்விடும். உடனே கறுப்பு யானை எச்1-இல் செக். மந்திரி எஃப்1-க்கு வந்து அடைத்தே ஆக வேண்டும். அப்போது சிப்பாய் ஜி2.

அந்த நிலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜி2 சிப்பாயை எஃப்1 மந்திரி வெட்டலாம் போல் தெரியும். முடியாது. வெட்டினால் எச்1 யானையின் பார்வை நேராக ராஜா மேல் விழும். மந்திரி கட்டுண்டு நிற்கிறது. சிப்பாய் அடுத்த அடியில் எஃப்1-ஐ வெட்டி ராணியாகும். 14-இல் எஃப்5 மந்திரியை நேராக வெட்டினாலும் இதே கதைதான். அதனால்தான் லார்சன் யானையை ஜி1-க்கு நகர்த்தினார். எச் வரிசையை விட்டு விலகியாச்சு, ஜி சிப்பாயையும் தடுத்தாச்சு. சரியான தற்காப்பு மாதிரிதான் தெரிந்தது.

14-ல யானையை எச்1-ல கொண்டுபோய் வெக்கறாரே, சும்மா குடுக்கற மாதிரி! அதுல என்ன இருக்கு?

இந்த ஆட்டத்தை 50 வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிற மூவ் இதுதான். ஏற்கெனவே குதிரை போயாச்சு, கையில் கிடைத்தது ஒரு சிப்பாய். இப்போது யானையும் போகிறது.

கறுப்புக்கு வேண்டியது இரண்டு: ராணி எச்4-இல் செக்கோடு நுழைய வேண்டும், ஜி3 சிப்பாய் ஜி2-க்குப் போய்ச் சாகாமல் நிற்க வேண்டும். ஜி1-இல் யானை இருக்கும்வரை ஜி2-க்குப் போகும் சிப்பாய் செத்துப்போகும். ராணியை முதலில் எச்4-க்குக் கொண்டுபோனால் வெள்ளை யானை ஜி2-க்கு ஏறி அடைத்துக்கொள்ளும். ஆக அந்த யானையை ஜி வரிசையிலிருந்து இழுக்க வேண்டும், அதுவும் வெள்ளைக்கு ஒரு ஓய்வு மூவ் கொடுக்காமல். எச்1-இல் வைத்த யானை அந்த வேலையைச் செய்கிறது. வெள்ளை அதை வெட்டிய அடுத்த கணம் சிப்பாய் ஜி2-இல் ஏறி, எச்1-இல் நிற்கும் யானையைத் தாக்குகிறது. மறுபடி வெள்ளைதான் ஓட வேண்டும்.

வெட்டாமல் விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. விட்டால் கறுப்பு யானை ஜி1-ஐ செக்கோடு வெட்டிக்கொள்ளும். ஜி3 சிப்பாயும் ராணியும் அப்படியே தயாராக நிற்கும்.

16-ல யானையை எஃப்1-க்குப் பதிலா மறுபடி ஜி1-க்கே கொண்டு வந்திருந்தா?

இதுதான் கொஞ்சம் நேரம் பிடிக்கிற வழி. ராணி எச்4-இல் செக், ராஜா டி1. இப்போது கறுப்பு அவசரப்படாமல் ராணியை எச்1-இல் கொண்டுபோய் வைக்கும், யானையின் வாயிலேயே. வெள்ளை யானை ராணியை வெட்டினால் ஜி2 சிப்பாய் எச்1-ஐ வெட்டிப் புதிய ராணியாகி செக். மந்திரி எஃப்1-இல் அடைத்தாக வேண்டும்.   புதிய ராணி எஃப்1-ஐ வெட்டினால் அதுவே மேட். போர்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் மறக்காது.

வெள்ளை புத்திசாலித்தனமாக ராணியை சி3-க்கு நகர்த்தி ராஜாவுக்கு சி2-வில் வழி விடலாம். கறுப்பு ராணி ஜி1 யானையை செக்கோடு வெட்டும், ராஜா சி2. பிறகு ராணி எஃப்2-க்கு நகர்ந்து ஈ2 மந்திரியைக் குறிவைக்கும், ஜி சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போவதற்கும் வழிவிடும். வெள்ளை எஃப்5 மந்திரியை எடுத்துக்கொண்டாலும் அந்தச் சிப்பாயை நிறுத்த ஆளில்லை.

கடைசியில மேட் ஆகலையே, அதுக்குள்ள ஏன் ஒப்புக்கிட்டாரு?

17-க்குப் பிறகு வெள்ளைக்கு மந்திரியால் எஃப்1-ஐ வெட்டுவது ஒன்றுதான் வழி. எஃப்5 மந்திரி ஜி4-ஐ வெட்டி செக். ராஜா சி1-க்குப் போனால் ராணி ஈ1-இல் செக். ராணியை டி1-இல் அடைத்தால் வெட்டி மேட். மந்திரியை ஈ2-வில் அடைத்தால் ராணி எச்1-இல் மேட். ஈ2 மந்திரி ஜி4 மந்திரியிடம் கட்டுண்டிருப்பதால் எஃப்1-க்குத் திரும்பி வர முடியாது.

இந்தத் தரத்தில் ஆடுபவர்கள் கண்ணுக்குத் தெரிந்த மேட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

உலக சாம்பியனோடு இப்படித் தோத்தவர், அப்புறம் எழுந்திருச்சாரா?

அடுத்த சுற்றிலேயே. மூன்றாம் சுற்றில் லார்சனுக்குக் கறுப்பு, ஸ்பாஸ்கிக்கு வெள்ளை, ஜெயித்தது லார்சன். நான்காம் சுற்றில் ஸ்பாஸ்கி ஆடவில்லை, அவருக்குப் பதில் லியோனித் ஸ்டெயின் உட்கார்ந்தார். அவரையும் லார்சன் ஜெயித்தார். நான்கு ஆட்டத்தில் இரண்டரைப் புள்ளி. முதல் போர்டு கேட்டு வாங்கியதை நியாயப்படுத்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த இரண்டு வெற்றியை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. 17 மூவ் தோல்விதான் புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. லார்சன் 2010-இல் புவெனஸ் ஐரஸில் காலமானார். ஸ்பாஸ்கி 2025 பிப்ரவரியில் மாஸ்கோவில்.

மொத்தப் போட்டியை யார் ஜெயிச்சாங்க?

சோவியத், 20½–19½. ஒரே புள்ளி வித்தியாசம். அவர்கள் அணியில் போட்வின்னிக், ஸ்மிஸ்லோவ், டால், பெட்ரோசியான், ஸ்பாஸ்கி என்று ஐந்து உலக சாம்பியன்கள். அப்படியிருந்தும் முதல் நான்கு போர்டிலும் உலக அணிதான் முன்னிலை. லார்சன், ஃபிஷர், போர்ட்டிஷ், ஹோர்ட் நால்வரும் தங்கள் போர்டை வென்றார்கள். கீழ் போர்டுகளில் சோவியத் ஆழம் காப்பாற்றியது. இந்த ஒரு ஆட்டத்தில் ஸ்பாஸ்கி தோற்றிருந்தால் மொத்தக் கணக்கு தலைகீழ்.

நான் கறுப்பு. எதிராளி 1. பி3 போடறார். இதையே அப்படியே ஆடலாமா?

முதல் இரண்டு மூவை ஆடலாம்: ஈ5, குதிரை சி6. அதற்கு மேல் லார்சனின் வழியில் உங்கள் எதிராளி வரமாட்டார். இப்போது பெரும்பாலும் 3-இல் ஈ3 போடுவார்கள். இணைய பிளிட்ஸில், அதாவது சில நிமிடங்களில் முடிகிற ஆட்டங்களில், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா பி3 ஆடுவதைப் பார்த்துக் கற்றவர்கள் நிறைய. நீங்கள் டி5 போட்டால் மந்திரி உடனே பி5-க்கு வரும். குதிரையைக் கட்டிப்போட்டு, அதை வெட்டிவிட்டு ஈ5 சிப்பாயை பி2 மந்திரியால் எடுப்பதுதான் திட்டம். அதற்கு மந்திரியை டி6-இல் வைத்து ஈ5-ஐக் காப்பாற்றினால் போதும்.

ஈ சிப்பாயை ஈ4-க்குத் தள்ளும் ஆசை வரும். எஃப்3-இல் குதிரை இருந்து, தள்ளினால் அது ஓட வேண்டியிருக்கும் என்றால் மட்டும் தள்ளுங்கள். ஸ்பாஸ்கிக்கு 4-வது மூவில் அது பலித்தது அதனால்தான். குதிரை அங்கே இல்லாதபோது தள்ளினால் பி2 மந்திரிக்கு ஏ1–எச்8 வழியைத் திறந்துவிட்டு, முன்னால் போன சிப்பாயை டி3 வந்து உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.